கரையேறும் பாட்டு

நான்காம் வகுப்பில் படித்தபோது, அம்மாவுக்குத் தெரிந்த பாட்டுகளையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி எண் போட முயன்றேன். முப்பத்தெட்டாவது பாட்டோடு அது நின்றுபோனது. நோட்டு தீரவில்லை, அம்மாவின் பொறுமைதான் தீர்ந்தது. உட்கார்ந்த இடத்தில் பாடச் சொன்னால் அவளுக்குப் பாட்டு வராது. தாலாட்டு வேண்டுமென்றால் மடியில் பிள்ளை இருக்க வேண்டும். நடவுப் பாட்டு வேண்டுமென்றால் கால் சேற்றில் இருக்க வேண்டும். "கை சும்மா இருக்கறப்ப வாயில பாட்டு எப்படிடி வரும்?" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஒன்றை எழுதி வைத்துவிட்டால் அது என்னுடையது என்ற நினைப்பு அந்த வயதிலேயே வந்துவிட்டது. பிரார்த்தனைப் பாட்டு பாட டீச்சர் என்னைத்தான் முன்னால் நிறுத்துவார். அதனால் பாட்டிலும் நான்தான் பெரிய ஆள் என்று முடிவு செய்திருந்தேன். அந்தப் பெருமை என்னை விட்டு இன்னும் போகவில்லை. போக வேண்டும் என்று நான் பெரிதாக விரும்பியதும் இல்லை. ஆனால் அது ஒருநாள் செய்த காரியத்தைச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் ஊர் நன்னிலம் பக்கம். ஊருக்கு ஊர் கொடிக்கம்பங்கள் முளைத்த காலம் அது. ஆட்சிக்கு வந்த கட்சியின் கொடி கடைத்தெருவில் பறந்தது, விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் சிவப்புக் கொடி எங்கள் தெரு முனையில் பறந்தது. அப்பா சங்கத்தில் இருந்தார். கூட்டம் இல்லாத நாட்களில் அவருடைய உயிர் நாகசுரத்தில் இருந்தது. பக்கத்து ஊர்க் கோயிலில் திருவிழா என்றால் அம்மாவையும் என்னையும் அழைத்துக்கொண்டு போய்க் குளத்தின் எதிர்க்கரையில் நிற்பார். கோயிலுக்குள் யாரும் போகலாம் என்று சட்டம் சொன்னது. எங்கே நின்றால் வம்பில்லை என்று அப்பாவின் கால்கள் சொல்லின. தண்ணீரின் மேல் தவழ்ந்து வரும்போதுதான் நாகசுரத்துக்கு உண்மையான ருசி என்பது அவர் கட்சி. கிட்டப் போனால் காதைக் கிழிக்குமாம். நானும் வெகுநாள் அப்படித்தான் நம்பினேன்.

அப்பா கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு கேட்பார். அம்மா கண்ணைத் திறந்துகொண்டு கேட்பாள். நடுவில், "அந்த ஆளு மூச்சு எடுக்கற இடம் சரியில்ல" என்பாள். "இவ பெரிய வித்துவான்" என்று அப்பா என்னிடம் சொல்லிச் சிரிப்பார். ஆனால் இரண்டு நாள் கழித்து, குளத்தைத் தாண்டி வந்த அந்த மெட்டு அம்மாவின் நடவுப் பாட்டுக்குள் எங்கோ ஒரு வளைவில் வந்து உட்கார்ந்திருக்கும். அப்பா அதைக் கண்டுபிடித்துவிடுவார். ஒன்றும் சொல்லாமல் அம்மாவைப் பார்ப்பார், அம்மா ஒன்றும் தெரியாதவள்போல அடுப்பை ஊதுவாள். எங்கள் வீட்டில் அன்பு என்று நான் பார்த்தது அதைத்தான்.

அம்மா நடவு கோஷ்டியில் முன்பாட்டுக்காரி. நடவு நடும் பெண்கள் முன்னோக்கிப் போவதில்லை. குனிந்தபடி நட்டு நட்டுப் பின்னால் நகர்வார்கள். எந்த வேகத்தில் நகர்வது என்பதை முன்பாட்டுக்காரியின் குரல் தீர்மானிக்கும். அவள் ஓர் அடி பாட, மற்றவர்கள் அதை வாங்கிப் பின்பாட்டாகப் பாடுவார்கள். பாட்டு நீண்டால் கையும் நீளும், பாட்டு துள்ளினால் கையும் துள்ளும். யாரும் நினைத்துச் செய்வதில்லை, தூக்கத்தில் மூச்சு வருவதுபோல அது நடந்துவிடும். காலையில் சாமி பாட்டு. வெயில் ஏறினால் கொழுந்தனையும் நாத்தியையும் கேலி செய்யும் பாட்டு. கடைசியில் நாலைந்து வரிசை மட்டும் பாக்கியிருக்கும்போது கரையேறும் பாட்டு. எல்லாவற்றிலும் வேகமானது அதுதான். வரப்பு முதுகுக்குப் பின்னால் வந்துவிட்டது, இன்னும் கொஞ்சம்தான் என்று இடுப்புக்குச் சொல்லும் பாட்டு. நடுக்காலையில் அதைப் பாடக்கூடாது என்று விதி ஒன்றும் கிடையாது. அப்படிப் பாடுகிற பைத்தியக்காரி எவளும் இருக்கமாட்டாள் என்பதால் விதிக்குத் தேவை வரவில்லை.

அந்த வருடம் சித்திக்கு, அதாவது அம்மாவின் தங்கைக்கு, ஐந்து மாதக் கைக்குழந்தை இருந்தது. கோஷ்டியில் இன்னும் இரண்டு பேர் பிள்ளை பெற்றவர்கள். வரப்போரத்துப் பூவரசு மரங்களில் தூளி கட்டிப் பிள்ளைகளைப் போட்டுவிட்டு வயலில் இறங்குவார்கள். நிலத்துக்காரர் கும்பகோணத்தில் இருந்தார். அவருக்காக வயலைக் கவனித்துக்கொண்டது ஒரு காரியக்காரர். காலையில் இறங்கினால் மத்தியானக் கஞ்சிக்குத்தான் கரையேற வேண்டும் என்பது அவர் சட்டம். நாலு நாள் முன்பு பிள்ளை வீறிட்டு அழுததைக் கேட்டு, அனுமதி கேட்காமல் கரையேறிவிட்டாள் சித்தி. பால் கொடுத்துவிட்டு அவள் திரும்பி வந்தபோது, "வீட்டுலயே உக்காந்து கொடு" என்று காரியக்காரர் அவளைத் திருப்பி அனுப்பிவிட்டார். பெண்கள் இதைச் சங்கத்தில் சொல்லச் சொன்னார்கள். அப்பாவும் போய்ச் சொல்லிப் பார்த்தார். முதலில் கூலி, பிறகு குத்தகை, இதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று கூட்டத்தில் பதில் வந்ததாம்.

அதன்பிறகுதான் பெண்கள் தங்களுக்குள் ஒரு காரியம் பேசி முடித்தார்கள். இதெல்லாம் எனக்கு வெகுநாள் கழித்துத் தெரிந்தது. ஆசிரியர் பயிற்சியிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தபோது, கல்யாண வீட்டு வேடிக்கையைச் சொல்வதுபோலச் சித்தி சொன்னாள். அவர்கள் போட்ட திட்டம் எளிமையானது. வேலையை நிறுத்தினால் ஆளை மாற்றிவிடுவார்கள். எதிர்த்துப் பேசினால் பெயரைக் குறித்துக்கொள்வார்கள். பாட்டை மெதுவாக்கினால் யாரை என்ன செய்ய முடியும்? பெரிய வயலுக்கு நாற்றுப் பறித்துக் கட்டுக்கட்டாகப் போட்டிருந்தது. மடையில் எங்கள் முறைத் தண்ணீர் அன்றோடு முடிகிறது. அன்றைக்குள் நட்டாக வேண்டும். உச்சிவேளைக்குள் வயலில் பாதிகூட ஆகாது என்று தெரிந்தால் காரியக்காரர் தானாக இறங்கி வருவார். அப்போது அம்மா கேட்பாள்: கைப்பிள்ளைக்காரிகள் காலையில் ஒருதரம், மாலையில் ஒருதரம் கரையேறிப் பால் கொடுத்துவிட்டு வரட்டும். சரி என்றால் பாட்டு தானே சரியாகிவிடும்.

காலாண்டு விடுமுறை என்பதால் அன்று நானும் வயலுக்குப் போனேன். மூன்று தூளிகளையும் ஆட்டுவது என் வேலை. திட்டத்தைப் பற்றி என்னிடம் ஒருவரும் வாய்திறக்கவில்லை.

அம்மா இழுத்துப் பாடினாள். "ஆத்துல தண்ணி வந்து ஆறு நாளாச்சு, அண்ணன் வரும் பாதையில புல்லு மொளச்சாச்சு" என்று ஒரு பாட்டு. பிறந்த வீட்டிலிருந்து ஆள் வரவில்லையே என்று ஏங்கும் பாட்டு. ஒவ்வொரு அடியும் வண்டி மேடேறுவதுபோல ஏறி இறங்கியது. அது முடிந்ததும் அதையே மறுபடி தொடங்கினாள். அம்மா ஒரே பாட்டை இரண்டு தடவை பாடி நான் கேட்டதில்லை. பெண்களின் கைகள் நாற்றைப் பிரித்து, பார்த்து, ஊன்றி, மறுபடி பிரித்தன. வயலின் கிழக்குக் கோடியைவிட்டு வரிசை நகர்ந்ததாகவே தெரியவில்லை.

காரியக்காரர் குடையைப் பிடித்துக்கொண்டு வரப்பில் இரண்டு தரம் நடந்தார். இன்றைக்கு என்ன பாட்டு இப்படி இழுக்கிறது என்று கேட்டார். அம்மா நிமிராமல், "சேறு இறுகிக் கெடக்குதுங்க. காலு வாங்க வரமாட்டேங்குது. காலு வர்ற மாதிரிதானுங்க பாட்டு வரும்" என்றாள். அவருக்கு நாற்று தெரியும், தண்ணீர் தெரியும், ஆட்களின் பெயர் தெரியும். பாட்டு தெரியாது. வாய்க்குள் ஏதோ முனகிக்கொண்டு போய் மரத்தடியில் நின்றார்.

அவர் அறியாததை நான் அறிவேன் என்ற நினைப்புத்தான் என்னைக் கெடுத்தது. எதிர் வரப்புக்கு அப்பால் வேறொருவருடைய வயல், வேறொரு தெருப் பெண்கள். இரண்டு வயலிலும் ஒரே நாளில் நடவு விழுந்தால் பாட்டில் போட்டி வந்துவிடும். ஒரு பக்கத்துப் பாட்டு ஓங்கினால் மறுபக்கம் தடுமாறும். எத்தனையோ நாள் அவர்கள் தங்கள் பாட்டை மறந்து எங்கள் பாட்டுக்கு நட்டதை நானே பார்த்திருக்கிறேன். அன்று அவர்கள் பறந்தார்கள். அவர்களில் வாய் நீண்ட ஒருத்தி நிமிர்ந்து இந்தப் பக்கம் பார்த்து, "என்னடி, ஒங்க வயல்ல எழவா? யாரு போய்ட்டா?" என்று கேட்டாள். அந்த வயல் முழுக்கச் சிரித்தது. அம்மா நிமிராமல் அடுத்த அடியை இழுத்தாள். அந்தப் பெண் என் பக்கம் திரும்பினாள். "ஏ புள்ள, ஒங்கம்மாவுக்குத் தொண்ட தேஞ்சு போச்சு. வீட்டுக்குப் போயி கஷாயம் வச்சுக் கொடு."

எனக்குக் காதெல்லாம் சுட்டது. அம்மா ஏன் பதிலுக்குப் பாடவில்லை? ஒரே அடியில் அந்த வாயை அடைக்கும் பாட்டு அவளிடம் ஒன்பதாவது எண்ணில் இருந்தது. என் நோட்டில் இருந்தது. அம்மாவுக்கு உண்மையிலேயே தொண்டை கட்டிக்கொண்டது, பாவம், யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாமல் தவிக்கிறாள் என்று நினைத்தேன். அவளைக் காப்பாற்ற அந்த வயலில் என்னைவிட்டால் ஆளில்லை. தூளிக் கயிற்றை விட்டுவிட்டு நடுவரப்புக்கு ஓடினேன். பிரார்த்தனைக்கு நிற்பதுபோல நிமிர்ந்து நின்று, எனக்குத் தெரிந்ததிலேயே வேகமான பாட்டை எடுத்தேன்.

"கொக்கு வந்து நிக்குதடி குனிஞ்சு பாரடி, குனிஞ்ச இடுப்பு நிமிருமுன்னே கரையப் புடியடி!"

கரையேறும் பாட்டு. சூரியன் இன்னும் தென்னை உயரம்கூட ஏறவில்லை.

முதல் அடிக்கு வயல் திகைத்தது. இரண்டாவது அடிக்கு ஓரத்தில் நின்ற ஒருத்தியின் கை பாட்டைப் பிடித்துக்கொண்டது. அவளைப் பார்த்துப் பக்கத்துக் கை. எத்தனையோ வருடம் அந்தப் பாட்டுக்கு ஓடிப் பழகிய கைகள் அவை, அவர்களைக் கேட்காமலே ஓடின. அவர்களில் இரண்டு பேர் கையை நிறுத்தி அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன். அன்று யோசிக்கவில்லை. மகள் இவ்வளவு நன்றாகப் பாடுவாள் என்று எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.

அவள் வாயைத் திறப்பதற்குள் காரியக்காரர் வந்துவிட்டார். "அட, அம்மாவ விடப் பொண்ணு தேவலையே. இப்ப மட்டும் காலு எப்படி வருது?" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "பாடு பாப்பா, நீ பாடு. நிறுத்தாத" என்று என் அருகிலேயே குடையோடு நின்றுகொண்டார். குடையின் நிழல் என் மேலும் விழுந்தது. அதுவரை அந்தக் குடை நிழலில் எங்கள் தெரு ஆள் யாரும் நின்றதில்லை.

இப்போது என்னை அதட்டி உட்கார வைத்தால் காலையிலிருந்து நடந்தது வேண்டுமென்றே நடந்தது என்று ஆகிவிடும். அம்மா ஒரு கணம் அப்படியே நின்றாள். பிறகு குனிந்தாள். என் அடி முடிந்த இடத்தில் அவள் குரல் எடுத்துக்கொண்டது. என் அம்மா, அந்தச் சுற்றுவட்டாரத்தின் முன்பாட்டுக்காரி, எனக்குப் பின்பாட்டுப் பாடினாள். அவள் எடுத்ததும் வயல் முழுக்க எடுத்தது. அந்தச் சத்தம் என் மேல் வந்து மோதியபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. எதிர் வயல்காரிகள் வாயை மூடிக்கொண்டார்கள். நான் வெற்றிபெற்றுவிட்டேன்.

தூளியில் சித்தியின் பிள்ளை அழுதது எனக்குக் கேட்கவில்லை என்று சொன்னால் பொய். கேட்டது. பாட்டுக்கு இடைஞ்சலாக இருந்தது. அதனால் குரலை உயர்த்தினேன். வரிசையின் நடுவில் சித்தி மட்டும் பாடாமல் நட்டுக்கொண்டிருந்தாள். மற்றவர்களுக்குச் சேலை முழங்காலில் நனைந்திருந்தது, அவளுக்கு மார்பிலும் நனைந்திருந்தது. குனியும்போது சேற்றுத் தண்ணீர் பட்டிருக்கும் என்று நினைத்தேன். அந்தப் பாட்டு தீர்ந்ததும் திரும்ப எடுத்தேன், அதுவும் தீர்ந்ததும் நோட்டில் இருந்த மற்ற வேகப் பாட்டுகளை எண் வரிசைப்படி எடுத்தேன். பிள்ளை எப்போது அழுகையை நிறுத்தியது என்று தெரியாது.

கஞ்சி வேளைக்குள் முக்கால் வயல் முடிந்துவிட்டது. கஞ்சிக்குக் கரையேறிய சித்தி பிள்ளையை மடியில் போட்டுப் பார்த்தாள், அழுது அயர்ந்த பிள்ளை வாய் வைக்கவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து மீதி வயலும் முடிந்தது. காரியக்காரர் கடைசி வரிசை வரப்பைத் தொடுவதைப் பார்த்துவிட்டுக் குடையை மடக்கினார். சித்தியைப் பார்த்துத்தான் பேசினார், ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி பேசினார்.

"இவ்வளவு சீக்கிரமா முடிக்கத் தெரிஞ்சவங்களுக்கு நடுவுல கரையேற என்ன அவசரம்? இனிமே இந்தப் பேச்சே வரக்கூடாது."

வாய்க்காலில் கால் கழுவும்போது பெண்கள் ஒருவரோடொருவர் பேசவில்லை. களைப்பு என்று நினைத்தேன். கோஷ்டியில் மூத்தவள் ஒருத்தி என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அம்மா தடுத்தாள். "புள்ளைய ஒண்ணும் சொல்லாதீங்க அக்கா. பாட்டு நல்லாத்தான் இருந்துச்சு." இரண்டாவது வாக்கியம்தான் எனக்குக் கேட்டது. அம்மா நாகசுரக்காரரையே குறை சொல்கிறவள். அவள் வாயால் நல்லாயிருந்தது என்று வருவது சாதாரணமா?

அப்பா அன்று சாயந்திரம் வீட்டுக்கு வரும்போதே விஷயம் தெரிந்து வந்தார். பெண்கள் போட்ட திட்டமும் அவருக்கு அப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும். வழக்கமாகச் சட்டையைக் கழற்றியதும் என்னைக் கூப்பிட்டு ஒரு பாட்டுப் பாடச் சொல்வார். வயலில் நான் பாடியதைச் சொல்லச் சொல்வார் என்று கிட்டப் போய் நின்றேன். அவர் என் தலையில் கையை வைத்தார், பார்வை மட்டும் அம்மாவிடம் இருந்தது.

"புள்ளைகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுல்ல?"

"எப்படிங்க சொல்றது?" என்றாள் அம்மா. "காரியக்காரர் மகளும் இதுவும் ஒரே பெஞ்சு. படிக்கிற புள்ளைங்க, எல்லாத்தையும் பேசிக்கும். அதான் சொல்லல."

காரியக்காரர் மகளும் நானும் ஒரே பெஞ்சு என்று அம்மா தன் வாயால் சொன்னது எனக்குப் பெருமையாக இருந்தது. அப்பா கொடியில் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

விளக்கு வைக்கும் நேரத்தில் சித்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அழுது அழுது களைத்த பிள்ளை, பாலைக் குடிக்காமல் தூக்கத்திலேயே விம்மியது. பால் கட்டிக்கொண்டு சித்திக்கு மார்பு கல்லாகியிருந்தது. காய்ச்சல் அடித்தது. அம்மா வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து பிழிந்து கொடுத்தாள். சித்தி எங்களுக்கு முதுகைக் காட்டிச் சுவரோரம் உட்கார்ந்து ஒற்றடம் வைத்து, ஒரு கொட்டாங்கச்சியில் பாலைப் பிழிந்தாள். ஒவ்வொரு தடவையும் பல்லைக் கடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிள்ளைக்கு வேண்டாதபோது அந்தப் பால் ஏன் வருகிறது, வந்தால் ஏன் வலிக்கிறது என்பதெல்லாம் எனக்கு விளங்கவில்லை. சித்திக்கு உடம்புக்கு முடியவில்லை என்பது மட்டும் விளங்கியது. உடம்புக்கு முடியாதவர்களுக்கு என்னால் கொடுக்க முடிந்தது என்ன என்று யோசித்தேன்.

"நான் பாடட்டுமா சித்தி?" என்று கேட்டேன்.

அம்மாவின் கை துணியைப் பிழிந்தபடி நின்றது. சித்தி திரும்பாமலே, "பாடுடி" என்றாள். "நீ என்ன பண்ணுவ. பாடு."

காலையில் ஊரையே வாயடைக்க வைத்த பாட்டைத்தான் பாடினேன். கொக்கு வந்து நிக்குதடி. முதல் அடியைப் பாடிவிட்டு நிறுத்தி, அம்மாவின் குரலுக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை. நாள் முழுக்கப் பாடிய களைப்பு, பாவம் என்று நினைத்துக்கொண்டு, பின்பாட்டையும் நானே பாடினேன்.